திருகோணமலைல கரண்ட் போட், ஜெட்டி சார்ஜிங்: அடிக்கடி கேக்கிற கேள்விகள்

கப்பலையும் போட்டையும் கரண்ட்ல ஓட்டுறதப் பத்திக் கதைக்கத் தொடங்கினா மூதூர், கிண்ணியா, நிலாவெளி, டவுன் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரு இடத்தில சேத்துப் போட்டிருக்கன். எனக்குத் தெரிஞ்சத நம்மட ஊர்க் கணக்கோட சொல்றன்.

கப்பல கரண்ட்ல ஓட்டுறது எண்டா சரியா என்ன?

ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒண்டு, போட்டுக்குள்ள பெரிய பெட்டரி வச்சு மோட்டரால ஓட்டுறது, கரைக்கு வந்தா சார்ஜ் பண்றது. மற்றது, டீசல்ல ஓடி வாற கப்பல் ஜெட்டில கட்டி நிக்கிற நேரத்தில அதிட ஜெனரேட்டர நிப்பாட்டிப்போட்டு கரையில இருந்து கரண்ட் குடுக்கிறது. ரெண்டாவதில கப்பலுக்கு உள்ள பெட்டரி தேவையே இல்ல. ஆனா ரெண்டுக்கும் கரைக்கு நல்ல கரண்ட் லைன் வேணும், நான் திரும்பத் திரும்பச் சொல்றதும் அதுதான், ஆக்கள் எல்லாரும் போட்டப் பத்தியே கேக்கிறாங்க, ஆனா வேலை முக்கால்வாசி ஜெட்டிலதான் இருக்கு.

உண்மையா எங்கயும் ஓடுதா, இல்ல கடதாசில மட்டுமா?

ஓடுது, பத்து வருஷத்துக்கு மேல ஓடுது. நோர்வேல "ஆம்பியர்" எண்ட கார் பெரி 2015ல ஓடத் தொடங்கினது, 120 கார், 360 ஆக்கள், கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் கடல், ஒரு பக்கம் போக 20 நிமிஷம். உள்ள இருக்கிற பெட்டரி ஏறக்குறைய 1,000 யூனிட் (கரண்ட் பில்லில வாற அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி). அந்தக் கதைல எனக்குச் சரியாப் பிடிச்ச இடம் வேற ஒண்டு. அந்த ரெண்டு கரையும் சின்னக் கிராமம், அங்க போற கரண்ட் லைன் மெலிசு, பெரி வந்து நிக்கிற பத்து நிமிஷத்துக்குள்ள அவ்வளவு கரண்ட ஒரேயடியா இழுத்தா ஊரே இருண்டுபோகும். அதுக்கு அவங்க என்ன செஞ்சாங்க எண்டா, ரெண்டு ஜெட்டிலயும் கரையில ஒவ்வொரு பெட்டரி வச்சாங்க, அது நாள் முழுக்க ஊர் லைன்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா நிரம்பிக்கொண்டிருக்கும், பெரி வந்து தொட்டதும் மளமளவெண்டு அதுக்குக் குடுத்திரும். மூதூர் மாதிரி ஒரு இடத்துக்கு இதவிடப் பொருத்தமான உதாரணம் இல்ல.

பிறகு டென்மார்க்ல "எலன்" 2019ல வந்தது, 4.3 மெகாவாட் மணி (4,300 யூனிட்) பெட்டரி, ஒரு சார்ஜ்ல 22 கடல் மைல். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையில ஓடின பழைய பெரிகள் ரெண்டு 2018ல பெட்டரிக்கு மாறினது, அங்க ஜெட்டில நிக்கிற ரோபோக் கை தானா வந்து பிளக்கைக் குத்தும். அவுஸ்திரேலியாவில டாஸ்மேனியால 130 மீற்றர் நீளத்தில 2,100 பேர் ஏறக்கூடிய "சைனா சொரில்லா" எண்ட கப்பல 2025 மே மாசம் தண்ணில இறக்கினாங்க, அதில 40 மெகாவாட் மணிக்கு மேல பெட்டரி, பூனஸ் அயர்ஸுக்கும் உருகுவேக்கும் இடையில ஓடுறதுக்குக் கட்டினது.

அவ்வளவு தூரம் போக வேணாம், கேரளாவப் பாருங்க. வைக்கத்தில "ஆதித்யா" எண்ட சோலார் போட் 2017ல இருந்து ஆக்கள ஏத்தி இறக்குது, 75 பேர், கூரையில 20 கிலோவாட் சோலார், உள்ள 50 யூனிட் பெட்டரி. கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல்ல தொடங்கினது, 100 பேர் போற கரண்ட் போட், கொச்சிக் கப்பல்கட்டுத் தளத்திலயே கட்டினது, ஜெட்டில ஆக்கள் இறங்கி ஏறுற நேரத்திலயே கால் மணித்தியாலத்துக்குள்ள சார்ஜ் ஏத்திக்கொண்டு போயிரும். அதே வெயில், அதே உப்புக்காத்து, அதே மழை. நம்மளுக்கு ஏலாது எண்டு சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியேல்ல.

அப்ப கொழும்புக்கு வாற பெரிய கண்டெய்னர் கப்பலும் பெட்டரில ஓடுமா?

இப்போதைக்கு ஓடாது. கணக்கு இதுதான்: பெரிய கப்பல் ஒரு நாளைக்கு 100 டொன் எண்ணெய் எரிக்குது எண்டு வைங்க. ஒரு கிலோ எண்ணெய்ல கிட்டத்தட்ட 11, 12 யூனிட் சக்தி இருக்கு, எஞ்ஜின் அதில பாதிய வேலையாக்கும், அப்ப ஒரு நாள் ஓட்டத்துக்கு 5,50,000 யூனிட்டுக்கு மேல வேணும். கப்பல்ல வைக்கிற பெட்டரி ஒரு யூனிட்டுக்கு 8 இல்ல 10 கிலோ வரும், ஆக ஒரு நாளைக்கு மட்டும் 5,000 டொன் பெட்டரி, சிங்கப்பூருக்கு நாலஞ்சு நாள் ஓட்டம். சாமான் ஏத்த இடம் இருக்காது. அந்தப் பெரிய கப்பல்களுக்கு மெதனோல், அமோனியா எண்டு வேற வழி பாக்கிறாங்க, மெதனோல்ல ஓடுற முதல் கண்டெய்னர் கப்பல் "லோரா மார்ஸ்க்" 2023ல வந்திட்டு. நோர்வேல "யாரா பிர்கலாண்ட்" எண்டு 120 பெட்டி ஏத்துற கரண்ட் கப்பல் ஒண்டு ஓடுது, ஆனா அது உரத் தொழிற்சாலைல இருந்து பக்கத்து ஹாபருக்குப் போற சின்ன ஓட்டம். தூரம் குறைவு, போற பாதை மாறாது, ஒவ்வொரு நாளும் அதே ஜெட்டி, இந்த மூண்டும் இருந்தா பெட்டரி வெல்லும்.

திருகோணமலைல அப்படிப்பட்ட ஓட்டம் எது?

என்னட்ட கேட்டா மூண்டு. டவுனுக்கும் மூதூருக்கும் இடையில ஆக்கள ஏத்துற மூதூர் லோஞ்ச், நிலாவெளில இருந்து புறாமலைக்கு (பிஜன் ஐலண்ட்) போற போட்டுகள், ஹாபருக்குள்ள கப்பல இழுக்கிற டக் போட்டும் கப்பலுக்கு வழிகாட்டிய ஏத்திப்போற பைலட் போட்டும்.

டக் போட்டப் பத்தி ஆக்கள் யோசிக்கிறதே இல்ல. கப்பல ஜெட்டில அணைக்கிற நேரம் மட்டும் பேய்ப்பலம் வேணும், மற்ற நேரமெல்லாம் சும்மா கட்டி நிக்கும், அந்த நிக்கிற நேரம்தான் சார்ஜ் பண்ற நேரம். நியூசிலாந்து ஒக்லண்ட் ஹாபர்ல "ஸ்பார்க்கி" எண்ட கரண்ட் டக் 2022ல இருந்து வேலை செய்யுது, 70 டொன் இழுவை, ரெண்டு மணித்தியாலத்தில சார்ஜ். நம்மட உள்ஹாபர் அலையில்லாத ஆழத் தண்ணி, தண்ணி ஏறி இறங்கிறது பெரிசா இல்ல, சார்ஜ் பண்ற கையும் வயரும் கீழ மேல கனக்க ஆட வேண்டிய தேவையில்ல. ஐரோப்பால சில ஹாபர்ல பல மீற்றர் ஏறி இறங்குற தண்ணிக்கு ஏத்த மாதிரி அந்தக் கைய டிசைன் பண்ண அவங்க படுற பாட்டப் பாத்தா நம்மட ஹாபருட அருமை தெரியும்.

மூதூர் லோஞ்சுக்கு இனி என்ன தேவை, கிண்ணியாப் பாலம் இருக்கே?

2009ல கிண்ணியாப் பாலம் திறந்தது, அதுக்குப் பிறகு மற்றப் பாலங்களும் ரோடும் சரியாகி மூதூர் ஆக்கள் பஸ்ஸில வரத் தொடங்கிட்டாங்க, லோஞ்சுக்கு மவுசு குறைஞ்சது உண்மைதான். ஆனா மெப்பில பாருங்க, கொட்டியாரக் குடாவ நேர வெட்டினா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ரோட்டால வந்தா குடாவ முழுக்கச் சுத்தி வரணும். ஆஸ்பத்திரிக்கு வாறவங்க, கச்சேரிக்கு வாறவங்க, கெம்பசுக்குப் போற பிள்ளைகள், எல்லாருக்கும் அது நேரம். நேரத்துக்கு வெளிக்கிடுற, புகையில்லாத, காது அடைக்காத ஒரு போட் இருந்தா ஆக்கள் திரும்ப வருவாங்க எண்டு நான் நம்புறன்.

கணக்கு இது. 100 பேர் போற ரெட்டை உடம்புப் போட், 8 நொட் (மணிக்கு 15 கிலோமீட்டர் அளவு) வேகம், 60, 80 கிலோவாட் இழுக்கும் எண்டு வச்சா, 50 நிமிஷ ஓட்டத்துக்கு 50ல இருந்து 70 யூனிட். கொச்சிப் போட்டில இருக்கிற பெட்டரி 122 யூனிட். அப்ப ஒரு பக்கம் போய், சார்ஜ் பண்ணி, திரும்பி வர இந்த அளவே பிடிக்கும், ஆனா நான் அதில நிக்க மாட்டன், ரெட்டிப்பா வைக்கச் சொல்லுவன். கொச்சி உள்நாட்டுத் தண்ணி, நம்மட குடா வாய் திறந்த கடல். கார்த்திகை மார்கழில வாடைக் காத்து அடிக்கிற நேரம் குடாக்குள்ள வாற அலைக்கு எதிர ஓடினா ஒண்டரை மடங்கு கரண்ட் தின்னும், சில நாள் ஓட்டவே கூடாது. கொச்சிப் போட்ட அப்படியே கொண்டந்து இங்க இறக்கலாம் எண்டு யாராவது சொன்னா நம்பாதீங்க, உடம்பு இந்தக் கடலுக்கு எண்டு வரைஞ்சதா இருக்கணும்.

ஜெட்டில சார்ஜ் பண்ண அவ்வளவு கரண்ட் எங்கால வரும்?

இதுதான் நான் ஆக நேரம் செலவழிக்கிற கேள்வி. 60 யூனிட்ட 20 நிமிஷத்துக்குள்ள ஏத்தணும் எண்டா 180 கிலோவாட் வேணும். நம்மட ஊர் ரோட்டோரத்தில நிக்கிற ட்ரான்ஸ்போமர் அனேகமா 100, 160, 250 கேவிஏ (கிட்டத்தட்ட கிலோவாட் மாதிரி ஒரு அளவு), அதிலதான் அந்தப் பகுதி வீடு, கடை, ஐஸ் பெக்டரி எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கு. அதில போய் போட்டையும் கொளுவினா பின்னேரம் ஆறு மணிக்கு எல்லார் வீட்டு பேனும் தவழும். ஆக ரெண்டு வழி: ஜெட்டிக்கு எண்டு தனியா 33 கேவி (33,000 வோல்ட்) லைன்ல இருந்து ஒரு ட்ரான்ஸ்போமர், இல்லாட்டி முன்ன சொன்ன ஆம்பியர் மாதிரி கரையில ஒரு பெட்டரி. ரெண்டையும் சேத்துச் செஞ்சா இன்னும் நல்லம்.

நம்மட நாட்டில இப்ப உள்ள விசேஷம் என்னெண்டா, பகல்ல கரண்ட் மிஞ்சுது. 2025 சித்திரை வருஷப் பிறப்பு லீவில தேவை குறைஞ்சு, கூரை சோலார் வச்சிருக்கிறவங்களப் பார்த்து பின்னேரம் மூண்டு மணி வரைக்கும் அத நிப்பாட்டி வைங்க எண்டு மின்சார சபை கேட்டது ஞாபகம் இருக்கும். வெயில்ல வாற கரண்ட வீணாக்கிப்போட்டு இரவில டீசல் எரிக்கிறம். கரையில இருக்கிற பெட்டரி அந்த மத்தியானக் கரண்டக் குடிச்சு வச்சிருந்தா போட்டுக்கும் உதவும், லைனுக்கும் உதவும்.

அதோட சம்பூர். 500 மெகாவாட் நிலக்கரி ஆலை வரப்போகுது எண்டு வருஷக்கணக்கா பயந்து கிடந்த இடம், 2016ல அத விட்டிட்டாங்க, இப்ப அதே பக்கத்தில 120 மெகாவாட் சோலாருக்கு 2025 ஏப்ரல்ல வேலை தொடங்கி வச்சிருக்காங்க, முதல்ல 50, பிறகு 70. மூதூருக்குப் பக்கத்து ஊர். தங்கட காணிய விட்டு அகதியாப் போய் வருஷக்கணக்கா முகாம்ல இருந்த சனம் அங்க இருக்கு, அந்த மண்ணில விளையிற கரண்ட்ல ஒரு துளி அந்தச் சனம் ஏறுற போட்டுக்கு வரணும் எண்டு கேக்கிறது நியாயம்தானே.

நொறோச்சோலை நிலக்கரி கரண்ட்தானே வருது, அப்ப இது எப்படிச் சுத்தம்?

நல்ல கேள்வி. நம்மட கரண்ட்ல ஏறக்குறைய பாதி தண்ணி, காத்து, வெயில், மிச்சம் நிலக்கரியும் எண்ணெயும். எண்ணெய் எரிச்சா எஞ்ஜின் கனக்க சூடாத்தான் விடும், சின்ன அவுட்போட் எஞ்ஜின்ல அஞ்சில ஒரு பங்குதான் தண்ணியத் தள்ளுற விசிறிக்குப் போகும், பெட்டரி மோட்டர்ல பத்தில எட்டு ஒம்பது பங்கு போகும். அதனால நிலக்கரி கலந்த கரண்டா இருந்தாலும் மொத்தப் புகை குறையும், பகல் சோலார்ல ஏத்தினா நல்லாவே குறையும். அதுக்கு மேல, புகை நம்மட மூக்குக்கு நேர வாறது நிக்குது, எண்ணெய் தண்ணில சிந்துறது நிக்குது.

மீன்பிடிக்கிறவங்களுக்கு இதால என்ன? மண்ணெண்ணெய் விலைல செத்துப்போனம்.

2022 ஓகஸ்ட்ல மண்ணெண்ணெய் ஒரே ராத்திரில 87 ரூபால இருந்து 340 ரூபாக்குப் போனது, அதுக்கு முதல் எண்ணெயே இல்லாம போட்டுகள் கரையில கவிண்டு கிடந்தது, அந்த வேதனை தெரிஞ்சுதான் சொல்றன்: ஆழத்துக்குப் போற பிளாஸ்டிக் போட்டுக்கு இப்ப பெட்டரி சரி வராது. ஒரு இரவுக்கு 20 லீட்டர் எரிக்கிற 25 குதிரைவலு எஞ்ஜின எடுங்க. அதுக்குச் சமமான வேலை செய்ய 40 யூனிட்டுக்கு மேல பெட்டரி வேணும், 300 கிலோவுக்கு மேல நிறை, நாலு ஆள் கூட ஏறினதுக்குச் சமம், வலையும் ஐசும் மீனும் எங்க வைக்கிற? இடைல சார்ஜ் முடிஞ்சா கடல்ல யாரும் கான்ல கொண்டந்து தரவும் ஏலாது. விலையும் இப்போதைக்குக் கட்டாது.

ஆனா களப்புக்குள்ள தொழில் செய்றவங்க, கரைவலைக்கு வலை ஏத்திப் போற சின்னப் போட், தம்பலகாமம் பக்கம் இறால் நண்டு பாக்கிறவங்க, இவங்களுக்கு ரெண்டு மூண்டு கிலோவாட் மோட்டர் இப்பவே பொருந்தும். பலநாள் போட்டுகளுக்கு வேற நன்மை இருக்கு, மீன்பிடித் துறைமுகத்தில கட்டி நிக்கிற நேரம் லைட்டுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் எஞ்ஜின ஓட விடாம கரைக் கரண்ட் எடுக்கலாம். அது பெரிய தொழில்நுட்பமே இல்ல, உப்புத்தண்ணி படாத நல்ல சொக்கட்டும் மீட்டரும்தான்.

நிலாவெளி, புறாமலைப் போட்டுக்கு?

இதுக்கு நாளைக்கே தொடங்கலாம். கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான், அமைதியான சீசன்ல மட்டும் ஓட்டம், போய் வர ஒண்டு ரெண்டு யூனிட் போதும். ஒரே சிக்கல், அங்க ஜெட்டி இல்ல, போட் மணல்ல ஏறுது. மணல்ல நிக்கிற போட்டுக்கு வயர் இழுக்கிறது ஆபத்து, அதனால பெட்டரியக் கழட்டி மாத்துற முறைதான் சரி. 5 யூனிட் பெட்டரி 45, 50 கிலோ வரும், ரெண்டு பேர் தூக்கலாம், மேல ஒரு கொட்டில்ல சோலார் போட்டு சார்ஜ் பண்ணலாம். புறாமலை 2003ல இருந்து தேசியப் பூங்கா. சீசன்ல அங்க தண்ணிக்குள்ள முகத்த வச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், முருகைக்கல்லுக்கு மேல வண்ண வண்ண மீன், அதுக்கு மேல தண்ணில வானவில் மாதிரி மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் இல்லாமப் போகணும் எண்டதுதான் எனக்கு இதில ஆகப் பெரிய ஆசை.

திமிங்கிலம் பாக்கப் போற போட்டுகளுக்கு நல்லதா?

நல்லது, ஆனா முழு ஓட்டமும் பெட்டரில கஷ்டம், தூரம் கூட. ஹைபிரிட் சரி: டீசல்ல போய், திமிங்கிலத்துக்குக் கிட்டப் போக முதல் எஞ்ஜின நிப்பாட்டி மோட்டர்ல மெதுவாப் போறது. திமிங்கிலம் கதைக்கிறது தாழ்ந்த சத்தத்தில, எஞ்ஜின் சத்தமும் அதே ரகம், ஒண்டையொண்டு மூடும். வேகமாப் போனா கரண்ட் போட்டிலயும் விசிறிச் சத்தம் வரும், அதனால மெதுவாப் போறது கட்டாயம்.

பிறிமா மாவாலை, டோக்கியோ சீமெந்துக்கு வாற கப்பலுக்குக் கரைக் கரண்ட் குடுக்கலாமா?

குடுக்கலாம், குடுக்கணும். கோதுமை ஏத்தி வாற கப்பல் ஜெட்டில கட்டினதும் மெயின் எஞ்ஜின் நிக்கும், ஆனா ஜெனரேட்டர் நிக்காது, லைட், பம்ப், குசினி, குளிர், எல்லாம் அதிலதான். 300 கிலோவாட் இழுக்கிற கப்பல் ஒரு நாளைக்கு ஒண்டரை டொன் எண்ணெய் எரிக்கும், நாலஞ்சு நாள் நிண்டா கணக்குப் பாருங்க. 2020ல இருந்து உலகம் முழுக்க கப்பல் எண்ணெயில கந்தகம் 0.5 வீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, அதுக்கு முதல் 3.5 வீதம், நிலைமை திருந்தியிருக்கு, ஆனா அந்த 0.5 வீதமும் லொறிக்கு அடிக்கிற டீசல விடக் கூடத்தான்.

எப்படிக் கொளுவுறது எண்டா, கரையில இருந்து கை மொத்தத்தில ஒரு கேபிள், பெரிய கப்பலுக்கு 6.6 இல்ல 11 கேவி. கப்பல்ல இருக்கிற எலெக்ட்ரிகல் ஒபிசர் பிளக்கப் பூட்டி, பூட்டு விழுந்தது சரியா, எர்த் சரியா எண்டு பாத்து, கரைக் கரண்டையும் தன்ர ஜெனரேட்டரையும் ஒரே தாளத்துக்குக் கொண்டந்து, லோட மெதுவா கரைக்கு மாத்தி, கடைசியாத்தான் ஜெனரேட்டர நிப்பாட்டுவார். உள்ள லைட் ஒருக்காக் கூட மினுங்காது. சுவீடன் கோத்தன்பர்க்ல 2000ல இருந்து இப்படிக் குடுக்கிறாங்க. ஐரோப்பால 2030ல இருந்து முக்கியமான ஹாபர்களுக்கு வாற கண்டெய்னர் கப்பலும் பயணிகள் கப்பலும் கட்டாயம் இப்படி எடுக்கணும்.

நம்மளுக்கு இதில ஒரு சிக்கல்: கப்பல்கள்ல கரண்ட் அனேகமா 60 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 60 தரம் துடிக்கிறது), நம்மட நாட்டில 50 ஹேர்ட்ஸ். இடைல மாத்திற மெசின் வேணும், அதுதான் செலவு. சாமான் கப்பல் கனக்கதுல இந்தப் பிளக்கே இன்னும் இல்ல, அதையும் மறக்கக் கூடாது. ஆனா நம்மட ஜெட்டிகளுக்கு அதே மாதிரிக் கப்பல்தான் திரும்பத் திரும்ப வருது, கொம்பனியும் ஹாபரும் கதைச்சா அந்தக் கப்பல்களுக்கு மட்டும் முதல்ல செய்யலாம்.

பெட்டரி கடல்ல தீப்பிடிச்சா?

பிடிச்சிருக்கு. 2019ல நோர்வேல ஒரு பெரிட பெட்டரி அறையில தீப்பிடிச்சு, அடுத்த நாள் உள்ள சேந்த வாயு வெடிச்சது. அதுக்குப் பிறகு விதி இறுக்கமாகினது: பெட்டரிக்குத் தனி அறை, வாயு வெளியேற வழி, குளிராக்கிற தண்ணி ஒழுகினா உடன தெரியிற மாதிரி. வாங்கக்குள்ள எந்த வகைப் பெட்டரி எண்டு கேளுங்க, எல்எஃப்பி, எல்டிஓ எண்டு ரெண்டு லித்தியம் வகை இருக்கு, அது ரெண்டும் சூடு தாங்கும், கொச்சில எல்டிஓதான். திரீ வீலர்ல இருந்து கழட்டின பெட்டரிய போட்டில கட்டி ஓட்டுறத தயவு செஞ்சு செய்யாதீங்க.

கரண்ட் கட் ஆனா?

2025 பெப்ரவரில நாடு முழுக்க கரண்ட் போன மாதிரி ஒரு நாள் வந்தா, கரைப் பெட்டரில இருக்கிறது ஒண்டு ரெண்டு ஓட்டத்துக்குக் காணும். அதுக்குப் பிறகு நிக்கும்.

குறிஞ்சாக்கேணி மாதிரி ஒண்டு திரும்ப நடக்காதா?

2021 நவம்பர்ல கிண்ணியா குறிஞ்சாக்கேணில ஆக்கள ஏத்துற மிதவைப் பாதை கவிண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளிட உயிர் போனத இந்த மாவட்டத்தில யாரும் மறக்கேல்ல, மறக்கவும் கூடாது. கரண்டா டீசலா எண்டது அதுக்குப் பிறகுதான். எத்தனை பேர் ஏறலாம் எண்டு எழுதி இருக்கணும், ஆளுக்கொரு லைப் ஜக்கெட், வருஷாவருஷம் செக் பண்ணின போட், லைசன் உள்ள ஓட்டி. இது நாலும் இல்லாத போட்டுக்கு பெட்டரி வைக்கக் காசு குடுக்காதீங்க, ஏறாதீங்க.

எஞ்ஜின் மெக்கானிக்மாருக்கு வேலை போகுமா?

கார்பரேட்டர் கழுவுற வேலை குறையும். உப்புக் காத்தில கனெக்டர் பச்சை பிடிக்கும், சீல் போகும், விசிறி வலையில சிக்கும், மோட்டர் கொன்ட்ரோலர் அடிக்கும், இதெல்லாம் பாக்க ஆள் வேணும். தொழில்நுட்பக் கல்லூரில இதுக்கு ஆறு மாசக் கோர்ஸ் ஒண்டு போட்டா கொழும்பில இருந்து ஆள் வரும் வரைக்கும் போட் நிக்கத் தேவையில்ல.

நாங்க இப்ப என்ன செய்யலாம், யாரிட்டப் போய்க் கேக்கிற?

ஹாபருக்குள்ள எண்டா துறைமுக அதிகார சபை, லைனுக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் நம்மட பகுதிக்குக் கரண்ட் குடுக்கிற அலுவலகம், புறாமலை எண்டா வனஜீவராசிகள் திணைக்களம், கரைக் கொட்டிலுக்கு குச்சவெளி பிரதேச சபை, மூதூர் ஜெட்டிக்கு மூதூர் பிரதேச சபை. எல்லாரும் முதல்ல கேக்கப்போறது எத்தனை ஓட்டம், எவ்வளவு எண்ணெய் எண்டுதான், அந்தக் கணக்கு ஒருத்தரிட்டயும் எழுத்தில இல்ல. அதனால நிலாவெளிப் போட் சங்கத்து ஆக்களுக்கு நான் சொல்றது, இந்த சீசன்ல ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு கொப்பி போடுங்க, திகதி, எத்தனை தரம் போய் வந்தது, ஏத்தின ஆக்கள், அடிச்ச எண்ணெய் லீட்டர், அவ்வளவும் போதும். கொப்பி நிறைஞ்சா எனக்கு படம் எடுத்து அனுப்புங்க, எந்த மோட்டர், எத்தனை யூனிட் பெட்டரி, எவ்வளவு சோலார் எண்டு கணக்குப் போட்டுத் தாறது என்ர பொறுப்பு.